உள்ளே இல்லாத கத்தி
புரதங்களின் கதை – பகுதி 17

சென்ற பகுதியில் ஹைஃபாவிலும் பிலடெல்ஃபியாவிலும் நடந்ததைப் பார்த்தோம். அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீகனோவர், இர்வின் ரோஸ் மூவரும் ஒரு புரதத்தை அழிக்கச் செல் எப்படிக் குறி வைக்கிறது என்று காட்டினார்கள். யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலக் குட்டிப் புரதம் அதன்மேல் சங்கிலியாகக் கோக்கப்படும். அந்தச் சங்கிலியை அடையாளம் கண்டு புரோட்டியோசோம் என்ற இயந்திரம் அதை உள்ளிழுத்து நறுக்கிவிடும். 2004-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் இந்த வேலையெல்லாம் நடப்பது செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலிலும் உட்கருவிலும். செல் செய்யும் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே தங்குவதே இல்லை. ரைபோசோமிலிருந்து வெளிவரும்போதே எண்டோபிளாச வலையின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும். சில, சவ்விலேயே பதிந்துவிடும். இன்சுலினும் எதிர்ப்பொருள்களும் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகளும் இப்படிப் பிறப்பவைதான். அந்த வலைக்குள் ஒரு புரதம் கோணலாக மடிந்துபோனால் அதைத் தீர்த்துக்கட்டுவது யார்? நீண்ட நாள் வரை கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ‘லைசோசோம்’. செல்லின் செரிமானப் பை அதுதானே, எல்லாக் கழிவும் கடைசியில் அங்கேதானே போய்ச் சேரும் என்ற நினைப்பு.

இந்த நினைப்பை முதலில் அசைத்தது அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் கிளாஸ்னரின் ஆய்வகம். அங்கே ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் ஹுவான் போனிஃபாசினோவும் நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்களின் ஏற்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏற்பி ஒற்றைப் புரதம் இல்லை. பல சங்கிலிகள் சேர்ந்த கூட்டு. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நீளும் அத்தனையும் எண்டோபிளாச வலையில் ஒன்றுகூடினால்தான் மேற்பரப்புக்குப் போக அனுமதி. கூட்டாளி கிடைக்காத சங்கிலி என்ன ஆகிறது?

கதிரியக்க அமினோ அமிலத்தைச் சில நிமிடம் மட்டும் கொடுத்து, அந்த நேரத்தில் பிறந்த ஆல்ஃபா சங்கிலிகளை மட்டும் தொடர்ந்து கவனித்தார்கள். தனியாக விடப்பட்ட ஆல்ஃபா சங்கிலி வேகமாகக் காணாமல் போனது. லைசோசோமை முடக்கும் வேதிப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள், அழிவு நிற்கவில்லை. அதைவிட முக்கியமான தடயம் ஒன்று இருந்தது. எண்டோபிளாச வலையிலிருந்து, அடுத்த நிறுத்தமான கோல்கைக்குப் போகும் புரதத்தின் சர்க்கரைக் கிளைகளில் கோல்கை தன் முத்திரையைப் பதிக்கும். அழிந்துகொண்டிருந்த இந்தச் சங்கிலிகளில் அந்த முத்திரை இல்லை. கோல்கைக்கே போகாதது அதையும் தாண்டியிருக்கும் லைசோசோமுக்கு எப்படிப் போயிருக்கும்? 1988-ல் ‘செல்’ ஆய்விதழில் வந்த அந்தக் கட்டுரை, எண்டோபிளாச வலையிலேயே அல்லது அதை ஒட்டிய இடத்திலேயே ஓர் அழிப்புப் பாதை இருக்கிறது என்று அறிவித்தது.

இரண்டு ஆண்டு கழித்துப் போனிஃபாசினோ இன்னொன்றைக் காட்டினார். ஆல்ஃபா சங்கிலியில் சவ்வைக் கடக்கும் துண்டுக்குள் நேர்மின்சுமை கொண்ட இரண்டு அமினோ அமிலங்கள் இருந்தன. கொழுப்புச் சவ்வுக்குள் மின்சுமை கிடப்பது ஒவ்வாத விஷயம். கூட்டாளிச் சங்கிலியின் எதிர்மின்சுமை அதோடு ஜோடி சேர்ந்தால் இரண்டும் அமைதியாகும். ஜோடி இல்லையென்றால் அந்த ஒவ்வாமையே அழிவுக்கான அடையாளம். கூட்டுச் சேர உதவும் அதே இடம்தான் தனித்து நின்றால் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் மிக அழகான பரிசோதனைகளில் இது ஒன்று. பாடநூல்கள் ஏனோ இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

அழிவு எண்டோபிளாச வலையில் நடக்கிறது என்றால், வெட்டும் நொதியும் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்படி நினைப்பதில் தவறு சொல்லவும் முடியாது. அதனால் எட்டு ஆண்டுகள் அந்தக் கத்தியைத் தேடினார்கள். எலியின் கல்லீரலை அரைத்து வலைத் துணுக்குகளைப் பிரித்தெடுத்து அலசினார்கள். ஓரிரு நொதிகள் வேட்பாளர்களாக நின்றன, ஒன்றும் தேறவில்லை. இன்று யோசித்தால் ஓர் இடறல் தெரிகிறது. எண்டோபிளாச வலை என்பது நூலாக நுழையும் புதுப் புரதங்கள் மடிந்து உருவம் பெறும் இடம். மடியாத புரதத்தைக் கண்டதும் வெட்டும் நொதி ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தால், நல்ல புரதமும் மடிந்து முடிப்பதற்குள் அதன் வாயில் விழுந்துவிடும்.

இந்தத் தேடல் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்திக்க 1996 ஆனது.

டல்லஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும் கொலஸ்ட்ராலைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கொலஸ்ட்ரால் உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி எச்.எம்.ஜி-கோஏ ரிடக்டேஸ். அது எண்டோபிளாச வலையின் சவ்வில் குடியிருப்பது. 888 அமினோ அமிலங்கள், சவ்வுக்குள் எட்டு முறை போய்வரும் ஒரு பாதி, சைட்டோசாலில் நீட்டிக்கொண்டு வேலை செய்யும் மறுபாதி. ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த காம்பாக்டின் இந்த நொதியை முடக்கியது. இன்று இரவில் ஸ்டாடின் மாத்திரை போடும் எல்லோரும் அந்தப் பூஞ்சைக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் நொதியை முடக்கினால் செல் சும்மா இருக்காது. காம்பாக்டினைப் படிப்படியாகக் கூட்டி வளர்க்கப்பட்ட சீன வெள்ளெலிச் செல்கள் இந்த நொதியைச் சாதாரணத்தைவிட 500 மடங்கு குவித்துவைத்திருந்தன. அதை வைக்க இடம் போதாமல் எண்டோபிளாச வலையே படிகம்போல் அடுக்கடுக்காகப் பெருகிக் கிடந்தது. அந்தச் செல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்தால் நொதியின் ஆயுள் சட்டென்று குறைந்தது. 1985-ல் டல்லஸ் குழு நொதியின் சவ்வுப் பாதியை வெட்டியெறிந்து பார்த்தது. மிச்சமிருந்த பாதி கொலஸ்ட்ராலைச் செய்தது. ஆனால் கொலஸ்ட்ரால் மிகுந்தபோதும் வேகமாக அழியவில்லை. அந்த ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு, இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சும் ஏற்பிக்காக. ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் சிமோனியின் ஆய்வகம் இதைத் தலைகீழாகச் செய்தது: நொதியின் சவ்வுப் பாதியை எடுத்து, சம்பந்தமே இல்லாத ஒரு பாக்டீரியா நொதியோடு ஒட்டியது. கொலஸ்ட்ரால் வந்ததும் அந்த ஒட்டுப்போட்ட புரதமும் வேகமாக அழிந்தது.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். ரிடக்டேஸ் கோணலாக மடிந்த புரதம் இல்லை. அதில் ஒரு குறையும் இல்லை. தேவைக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். கிளாஸ்னரின் ஆட்கள் பழுதானதை அகற்றும் வழியைத் தேடினார்கள். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் நல்ல நிலையில் இருக்கும் நொதியை அளவோடு குறைக்கும் வழியைத் தேடினார்கள். இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கோணத்தில் தொடங்கி, தரக்கட்டுப்பாடு என்ற தலைப்பின்கீழ் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. வாசலைக் காட்டிக்கொடுத்த மரபணுக்களைக் கொலஸ்ட்ரால் நொதியின் பின்னால் போனவர்களும் பிடித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

முதல் துப்பு 1993-ல் ஜெர்மனியின் டூபிங்கனிலிருந்து வந்தது. தாமஸ் சோமரும் ஸ்டெஃபான் யென்ச்சும் ஈஸ்ட்டில் யுபிக்விட்டின் ஒட்டும் நொதிகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றான யு.பி.சி.6, எண்டோபிளாச வலையின் சவ்வில் வால் மாட்டி, வேலை செய்யும் முகத்தைச் சைட்டோசால் பக்கம் வைத்திருந்தது. புரதங்கள் வலைக்குள் நுழையும் வாயிலான செக்61-ல் பிறழ்வு இருந்து நலிந்துகிடந்த ஈஸ்ட்டிலிருந்து யு.பி.சி.6-ஐ நீக்கினால் அது தேறியது. வெளியே இருக்கும் யுபிக்விட்டின் ஏற்பாடு வலையின் சவ்வுவரை கை நீட்டுகிறது என்று அதற்குப் பொருள். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

1995 அக்டோபரில் ‘செல்’ இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஸ்டான்ஃபோர்டின் ரான் கொப்பிட்டோ குழுவுடையது, மற்றது ஜான் ரியோர்டன் குழுவுடையது. இரண்டும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தைப் பற்றியவை. 1,480 அமினோ அமிலங்கள் நீளமுள்ள இந்தக் குளோரைடு வாய்க்கால் பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரும். நுரையீரலில் சளி கெட்டியாகிச் சிறுவயதிலேயே உயிரை வாங்கும் பரம்பரை நோய். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 508-ஆம் இடத்து ஃபீனைல்அலனின் ஒன்று மட்டும் இல்லை. 1990-லேயே தெரிந்த செய்தி, அந்தப் பிறழ்ந்த புரதம் எண்டோபிளாச வலையைத் தாண்டுவதில்லை என்பது. இப்போது இரு குழுக்களும் சொன்ன புதுச் செய்தி: புரோட்டியோசோமை முடக்கினால் அதன் அழிவு குறைகிறது, அதன்மேல் யுபிக்விட்டின் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன.

பிறழ்வே இல்லாத சி.எஃப்.டி.ஆர்.கூட, வளர்ப்புச் செல்களில் பிறக்கும்போதே பெரும்பகுதி இதே வழியில் அழிகிறது என்பதும் தெரிந்தது. இவ்வளவு பெரிய புரதத்தை மடிப்பது செல்லுக்கே சிரமம்போலும். 508 பிறழ்ந்த புரதம் ஓரளவுக்கு வேலை செய்யக்கூடியதுதான், ஆனால் காவலைத் தாண்ட முடியாமல் சாகிறது என்ற புரிதல்தான் மடிப்பைச் சரிசெய்யும் மருந்துகளுக்கு வழிவிட்டது. அவற்றில் இரண்டைச் சேர்த்துச் செய்த மூவகைக் கூட்டு மாத்திரை டிரிகாஃப்டா 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சி.எஃப்.டி.ஆரின் பெரும்பகுதி சைட்டோசால் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது. அதை வெளியிலிருந்து பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தப்பிக்கும் வழியை 1996 அடைத்தது.

ஷ்டுட்கார்ட்டில் டீட்டர் வோல்ஃப் ஈஸ்ட்டின் கார்பாக்சிபெப்டிடேஸ்-ஒய் என்ற நொதியைப் பல ஆண்டுகளாகப் படித்தவர். அதன் பிறழ்ந்த வடிவம் ஒன்று அவர் கையில் இருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் மடியாமல் போகும் இந்தப் புரதம் முழுவதும் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்துவிடும், சர்க்கரையும் ஏறிவிடும், சவ்வுக்கு வெளியே ஒரு நுனிகூட நீட்டாது. ஆனாலும் அழிந்துவிடும். வோல்ஃபின் மாணவர்கள் ஈஸ்ட்டில் கண்மூடித்தனமாகப் பிறழ்வுகளை உண்டாக்கி, எந்தக் காலனியில் இந்தப் புரதம் அழியாமல் தங்குகிறது என்று பொறுக்கியெடுத்தார்கள். கிடைத்த மரபணுக்களுக்கு டெர் என்று பெயர் வைத்து எண் கொடுத்தார்கள். முதலாவது டெர்1, வலையின் சவ்வில் குடியிருக்கும், அதுவரை யாரும் அறியாத புரதம். இரண்டாவதைப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி: அது யு.பி.சி.7, சைட்டோசாலில் இருந்து யுபிக்விட்டினை ஒட்டும் நொதி. புரோட்டியோசோமில் பிறழ்வு வைத்தாலும் அழிவு நின்றது. 1996 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் இது வந்தபோது முடிவு தெளிவாகிவிட்டது. வலைக்குள் முழுசாக இருந்த ஒன்றைச் செல் வெளியே இழுத்துவந்து வெட்டுகிறது. எட்டு ஆண்டுகள் உள்ளே தேடிய கத்தி உள்ளே இல்லவே இல்லை.

அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கின் ஜெஃப்ரி பிராட்ஸ்கியும் நெவாடாவின் ஆர்டித் மெக்ராக்கனும் ஈஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்த வலைத் துணுக்குகளைக் கொண்டு சோதனைக்குழாயிலேயே இந்த அழிவை நடத்திக்காட்டினார்கள். சைட்டோசால் சாறும் ஏ.டி.பி. ஆற்றலும் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. இந்த நிகழ்வுக்கு இன்று எல்லா ஆய்வகங்களிலும் வழங்கும் ‘ஈராட்’ என்ற சுருக்கப் பெயர் அவர்கள் சூட்டியது.

இதில் ஒரு வைரஸின் சாட்சியமும் உண்டு. சைட்டோமெகாலோ வைரஸ் தொற்றிய செல் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. முதல் வகைப் புரதத்தைக் காட்டினால் டி-செல்கள் அதைக் கொன்றுவிடும். அதனால் வைரஸ் அந்தப் புரதத்தையே ஒழிக்கிறது. எம்.ஐ.டி.யில் எமானுவேல் வீர்ட்ஸும் ஹிடே ப்ளூக்கும் இதை ஆராய்ந்தபோது, யு.எஸ்.11 என்ற ஒற்றை வைரஸ் மரபணுவே போதுமானதாக இருந்தது. அது இருந்த செல்லில் எம்.எச்.சி.யின் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. புரோட்டியோசோமை முடக்கியதும் ஓர் இடைநிலை சிக்கியது: நீளம் குறையாத, ஆனால் சர்க்கரை கழன்ற எம்.எச்.சி., சைட்டோசாலில் மிதந்துகொண்டிருந்தது. சர்க்கரை ஏறுவது வலைக்குள். அதைக் கழற்றும் நொதி வெளியே. சவ்வில் பதிந்திருந்த புரதம் முழுசாகப் பிடுங்கப்பட்டு வெளியே வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று கிடைக்காது. செல்லிடம் ஏற்கெனவே இருந்த வாசலை வைரஸ் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இப்போது கொலஸ்ட்ரால் கதைக்கு வருவோம். பெர்க்லியில் ஜாஸ்பர் ரைனிடம் பயின்ற ராண்டால்ஃப் ஹாம்ப்டன், ஈஸ்ட்டிலும் இதே ரிடக்டேஸ் நொதி இருப்பதையும், அதன் இரண்டு வடிவங்களில் எச்.எம்.ஜி.2 மட்டும் தேவைக்கேற்ப அழிவதையும் 1994-ல் காட்டினார். ஈஸ்ட்டில் கொலஸ்ட்ரால் கிடையாது, எர்கோஸ்டீரால்தான். ஆனால் உற்பத்திப் பாதை ஒன்றே. அடுத்து அவர் செய்தது புத்திசாலித்தனமான காரியம். எச்.எம்.ஜி.2-ஐ மட்டுமே நம்பி வாழும் ஈஸ்ட்டை லோவாஸ்டாடின் கலந்த தட்டில் வளர்த்தார். நொதி அழிந்துகொண்டே இருந்தால் அந்த மருந்து ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். அழிக்கும் ஏற்பாட்டில் எங்காவது பழுது விழுந்த ஈஸ்ட்டில் நொதி குவியும், அது பிழைக்கும். மாரடைப்பைத் தடுக்க வந்த மருந்தே மரபணுவைப் பிடிக்கும் வலையானது.

பிழைத்த ஈஸ்ட்டிலிருந்து மூன்று மரபணுக்கள் கிடைத்தன: எச்.ஆர்.டி.1, எச்.ஆர்.டி.2, எச்.ஆர்.டி.3. கட்டுரை 1996 டிசம்பரில் வந்தது. அதற்குள் ஹாம்ப்டன் சான் டியாகோவுக்குப் போயிருந்தார். இரண்டாவது மரபணு புரோட்டியோசோமின் ஓர் உறுப்பு. முதலாவதும் மூன்றாவதும் சவ்வுப் புரதங்கள். இரண்டு ஆண்டு கழித்து வோல்ஃபின் குழு டெர்3-ஐ வரிசைப்படுத்தியபோது அது எச்.ஆர்.டி.1 ஆகவே இருந்தது. கோணலாக மடிந்த நொதியைத் தேடியவர்களும், நன்றாக இருந்த நொதியைத் தேடியவர்களும் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள். 2001-ல் ஹாம்ப்டனின் ஆய்வகம் எச்.ஆர்.டி.1 யுபிக்விட்டினை ஒட்டும் லைகேஸ் என்று நிறுவியது. அதே ஆண்டு மார்க் ஹாக்ஸ்ட்ராசரின் குழு டோஆ10 என்ற இரண்டாவது லைகேஸைக் கண்டது. சவ்வில் பதினான்கு முறை போய்வரும் பெரிய புரதம், சைட்டோசால் பக்கம் பழுதானவற்றைக் கவனிப்பது.

அடையாளம் ஒட்டுவது யார் என்று தெரிந்துவிட்டது. இழுப்பது யார்? எந்த வழியாக?

இழுப்பவரை 2001-ல் ஹார்வர்டில் யீஹோங் யெ, ஹெம்மோ மேயர், டாம் ராப்பொபோர்ட் மூவரும் காட்டினார்கள். மனிதரில் பி97, ஈஸ்ட்டில் சி.டி.சி.48. ஆறு துணுக்குகள் வளையமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளை வைத்த, ஏ.டி.பி.யை எரித்து இயங்கும் இயந்திரம். பல ஆண்டுகள் கழித்து, 2019-ல், ராப்பொபோர்ட்டின் ஆய்வகம் அதன் முதல் அடியைப் படம் பிடித்தது. சங்கிலியில் இருக்கும் யுபிக்விட்டின் ஒன்றையே முதலில் பிரித்து நூலாக்கித் துளைக்குள் செலுத்துகிறது. அதன் பின்னால் குறிவைத்த புரதமும் நூலாகி வருகிறது. கட்டிலைக் கழற்றாமல் குறுகிய வாசல் வழியே வெளியே எடுக்க முடியாதல்லவா?

வழியைப் பற்றிய சண்டை நீண்டது. முதலில் எல்லோரும் செக்61-ஐச் சொன்னார்கள். உள்ளே வரும் வாயில்தானே, திரும்பிப் போகவும் அதுவே உதவும் என்று. யு.எஸ்.2 என்ற இன்னொரு வைரஸ் மரபணு வெளியேற்றிய எம்.எச்.சி., செக்61-உடன் ஒட்டிக் கிடந்ததை 1996 டிசம்பரில் ‘நேச்சர்’ கட்டுரை காட்டியது. அதன் ஆசிரியர்களில் ராப்பொபோர்ட்டும் ஒருவர். பிறகு 2004-ல் டெர்1-இன் மனித உறவினரான டெர்லின்-1 போட்டிக்கு வந்தது. 2010-க்குப் பிறகு ராப்பொபோர்ட்டின் ஆய்வகமே, அங்கிருந்த பெட்ரோ கார்வால்யோவும் அலெக்சாண்டர் ஸ்டைனும் செய்த வேலைகளின் வழியே, எச்.ஆர்.டி.1-தான் வாசல் என்று வாதிடத் தொடங்கியது. தன் பெயர் இருந்த பழைய கருத்துக்கு எதிராக ஓர் ஆய்வகம் பத்தாண்டு உழைப்பது அறிவியலில் அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

இதற்கிடையில் 2006 ஜூலையில் ‘செல்’ இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் எச்.ஆர்.டி.1 தனியாள் இல்லை என்று காட்டின. ஒன்று கார்வால்யோவுடையது; மற்றது கலிஃபோர்னியாவில் விளாடிமிர் டெனிச், ஜொனாதன் வைஸ்மன் ஆகியோருடையது. எச்.ஆர்.டி.1-ஐச் சுற்றி ஒரு கூட்டு நிற்கிறது: வலைக்குள் பெருமளவு நீட்டிக்கொண்டிருக்கும் எச்.ஆர்.டி.3, சர்க்கரையைப் படிக்கும் யோஸ்9, இடையில் இணைப்பாக யு.எஸ்.ஏ.1, அது பிடித்துவைத்திருக்கும் டெர்1. எந்தப் புரதத்தை அனுப்புவது என்பதில் இந்தக் கூட்டு இரண்டு முறை சரிபார்க்கிறது. மடியாத பகுதி தெரிகிறதா என்று எச்.ஆர்.டி.3 தடவிப் பார்க்கும். சர்க்கரைக் கிளை சரியான நிலையில் இருக்கிறதா என்று யோஸ்9 பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வெளியேற்றம்.

சர்க்கரை எதற்கு? வலைக்குள் நுழையும் புரதத்தில் முதலில் ஏறுவது பதினான்கு சர்க்கரைகள் கொண்ட ஒரு கிளை. மூன்று குளுக்கோஸ்கள் சீக்கிரம் கழற்றப்படும். மிச்சமுள்ள மேனோஸ்களை மெதுவாக வேலை செய்யும் நொதிகள் ஒவ்வொன்றாகக் கொத்தும். மடிந்து முடித்த புரதம் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும். நீண்ட நேரம் தங்கியதில் மட்டும் கிளை மொட்டையாகி, உள்ளே மறைந்திருந்த ஒரு மேனோஸ் வெளியே தெரியும். யோஸ்9 பிடிப்பது அதைத்தான். மடிய நேரம் கொடுத்து, நேரம் முடிந்தபின்தான் தீர்ப்பு. புதுப் புரதத்தையும் பழுதான புரதத்தையும் செல் எப்படிப் பிரித்தறிகிறது என்ற பழைய புதிருக்கு 2008-09-ல் கிடைத்த விடை இது.

2020 ஏப்ரலில் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியின் உதவியோடு ராப்பொபோர்ட்டின் குழு இந்தக் கூட்டின் வடிவத்தைத் தந்தது. எச்.ஆர்.டி.1 ஓர் அரை வாய்க்கால். எதிரே டெர்1 மற்றோர் அரை வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் சவ்வு மெலிந்து கிடக்கிறது. புரதம் அந்த மெலிந்த இடத்தைக் கடக்கிறது. செக்61 போல் முழுத் துளை இல்லை. டெர்1 குடும்பத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. ராம்பாய்டு என்ற, சவ்வுக்குள் புரதங்களை வெட்டும் நொதிகளின் வம்சம் அது. வெட்டும் திறனை என்றோ இழந்துவிட்டது. எண்டோபிளாச வலைக்குள் கத்தியைத் தேடியவர்கள் கையில் கடைசியில் கிடைத்தது முனை மழுங்கிய ஒரு பழைய கத்தி.

கதவு எப்போதும் திறந்திருந்தால் வலைக்குள் சேமித்த கால்சியமெல்லாம் ஒழுகிவிடும். அதைத் தடுக்கும் முறையும் தெரியவந்தது. எச்.ஆர்.டி.1 தன்மேலேயே யுபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும்போதுதான் வாசல் திறக்கிறது என்று 2016-ல் ரயன் பால்ட்ரிட்ஜும் ராப்பொபோர்ட்டும் காட்டினார்கள். ஆனால் அதே யுபிக்விட்டின் அதற்கே அழிவுக்குறியாகவும் ஆகலாம். எச்.ஆர்.டி.3 கூட இல்லாவிட்டால் எச்.ஆர்.டி.1 தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. யு.பி.பி.1 என்ற நொதி ஒட்டியதைக் கழற்றிக்கொண்டே இருக்கிறது என்று 2019-ல் மிச்சிகனில் பால்ட்ரிட்ஜின் ஆய்வகம் கண்டது. ஒட்டுவதும் கழற்றுவதும் சமநிலையில் இருக்கும்வரை வாசல் நிலைக்கிறது.

பாலூட்டிகளில் ரிடக்டேஸின் கதை இன்னும் சிக்கலாகப் போனது. டல்லஸில் 2003-ல் இன்சிக் என்ற சிறு சவ்வுப் புரதத்தின் பங்கு தெரிந்தது. ஸ்டீரால்கள் மிகுந்ததும் ரிடக்டேஸ் இன்சிக்கைப் பற்றிக்கொள்கிறது. இன்சிக்கோ ஏற்கெனவே ஒரு லைகேஸைக் கையில் வைத்திருக்கிறது. அது ஜிபி78 என்று 2005-ல் ரஸல் டிபோஸ்-பாய்டின் குழு சொன்னது. வேறு ஆய்வகங்கள் ஜிபி78 இல்லாமலும் அழிவு நடக்கிறது என்றன. சில ஆண்டுகள் இரு தரப்பும் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தன. 2018-ல் கேம்பிரிட்ஜில் பால் லேனரின் குழு ஆர்.என்.எஃப்.145 என்ற இன்னொரு லைகேஸைக் கண்டது. அதன் அளவே ஸ்டீராலுக்கு ஏற்ப மாறுகிறது. இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் ரிடக்டேஸ் குவிந்தது. அப்போதும் கொஞ்சம் அழிவு மிஞ்சியது. அந்த மிச்ச வேலையைச் செய்தது எச்.ஆர்.டி.1.

ஸ்டாடின் எடுப்பவரின் கல்லீரலிலும் இந்தக் கயிறிழுப்புதான். மருந்து நொதியை முடக்குகிறது, ஸ்டீரால் குறைகிறது, இன்சிக் பிடியை விடுகிறது, நொதி அழியாமல் குவிகிறது, மருந்தின் பலன் ஓரளவு கரைகிறது.

எச்.ஆர்.டி.1-ஐ, அல்லது எச்.ஆர்.டி.3-இன் பாலூட்டி வடிவமான செல்1எல்-ஐ, முழுதும் நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்துவிடும். அதனால் மனிதரில் இந்தக் கூட்டு பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க வழியே இருக்காது என்று பலரும் நினைத்தார்கள். முதல் செய்தி நாய்களிடமிருந்து வந்தது. ஃபின்லாந்தின் வேட்டை நாய் வகை ஒன்றில், பிறந்து சில மாதத்திலேயே நடை தள்ளாடும் குட்டிகள் இருந்தன. சிறுமூளை தேய்ந்துகொண்டே போனது. 2012-ல் ஹெல்சிங்கியில் ஹான்னெஸ் லோஹியின் குழு அதன் காரணத்தைச் செல்1எல் மரபணுவில் கண்டது. 658-ஆம் இடத்தில் செரீனுக்குப் பதில் புரோலின், அவ்வளவே. 2024-ல் லிங் சியின் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் மனிதக் குழந்தைகளிலும் செல்1எல், எச்.ஆர்.டி.1 பிறழ்வுகளை அறிவித்தார்கள். வளர்ச்சித் தடையும் தசைத் தளர்ச்சியும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் நோய் அது. அந்தப் பிறழ்வுகள் வாசலை முழுதாக மூடவில்லை, கொஞ்சம் இறுக்கின.

வாசல் இறுகி, வலைக்குள் கோணல் புரதங்கள் சேரத் தொடங்கியதும் அந்தச் செய்தி உட்கருவுக்கு எப்படிப் போகிறது? 2000-ல் பீட்டர் வால்டர், வைஸ்மன் குழுக்கள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு, ஈராட் மரபணுக்களையே முடுக்கிவிடும் ஓர் அபாய அறிவிப்பு ஈஸ்ட்டில் இருப்பதைக் காட்டியது. அந்த அறிவிப்பை அனுப்பும் ஐ.ஆர்.இ.1 என்ற புரதத்தை 1993-ல் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே பிடித்தன: சான் பிரான்சிஸ்கோவில் வால்டர், டல்லஸில் ஜப்பானிய ஆய்வாளர் கசுதோஷி மோரி. அந்தப் போட்டியை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)